வேலண்டா, எக்ஸ்11-ஆ? ‘அம்மா’ என்று அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

லினக்ஸ் கணினி கடவுச்சொல் கேட்கும் திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பல்சக்கரம் இருக்கும். உபுண்டு 24.04, டெபியன் 13 ஆகியவற்றின் க்னோம் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்கிய பிறகுதான் அது தலைகாட்டும். அழுத்தினால் இரண்டு வரி: ஒன்று வேலண்ட், மற்றது எக்ஸார்க் (தலைப்பில் உள்ள எக்ஸ்11 இதுதான்). சாளரங்களைத் திரையில் காட்டி, விசையையும் மவுஸையும் நிரல்களிடம் சேர்க்கும் ‘டிஸ்ப்ளே சர்வர்’ எது என்ற தேர்வு இது. பலர் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் வீடியோவில் படம் குறுக்கே கிழிவது, இணையக் கூட்டத்தில் பகிர்ந்த திரை கறுப்பாகப் போவது, பிரவுசரில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்து விழுவது, புரொஜெக்டரில் சாளரம் தப்பான திரையில் போய் உட்காருவது என்று வரும் தொல்லைகளின் முடிச்சு பெரும்பாலும் அந்த இரண்டு வரிக்குள்தான் இருக்கிறது.

மொரீஷியஸில் ஒரு தமிழ்க் குடும்பமோ கோயில் அலுவலகமோ மாலைத் தமிழ் வகுப்போ வைத்திருக்கக்கூடிய கணினிகளை மனத்தில் வைத்து இந்த மதிப்புரை: பழைய இன்டெல் டெஸ்க்டாப், மலிவான என்விடியா கார்டு போட்ட பெட்டி, பிரான்சிலிருந்தோ பக்கத்து ரியூனியனிலிருந்தோ வந்த அசெர்ட்டி விசைப்பலகை மடிக்கணினி, வகுப்பறையின் கையளவு ராஸ்பெர்ரி பை கணினி, எபேன் சைபர் நகரில் வேலை பார்ப்பவரின் புது லேப்டாப். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

எதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எக்ஸார்க் என்பது ஒரு மென்பொருள்: எக்ஸ் அல்லது எக்ஸ்11 என்ற பழைய நெறிமுறையை (நிரல்கள் பேசிக்கொள்ளும் விதிமுறையை) செயல்படுத்தும் சர்வர். க்னோம், எக்ஸ்எஃப்சிஈ, மின்டின் சின்னமன் போன்ற டெஸ்க்டாப் சூழல்கள் எல்லாம் அந்த ஒரே சர்வரின்மேல் ஓடலாம். வேலண்ட் மென்பொருளே அல்ல, ஒரு நெறிமுறை. அதைப் பேசும் கம்போசிட்டர்தான் திரையை வரைகிறது, விசையையும் மவுஸையும் வாங்குகிறது, சாளரங்களை அடுக்குகிறது. க்னோமுக்கு மட்டர், கேடிஈ பிளாஸ்மாவுக்குக் கேவின், ராஸ்பெர்ரி பைக்கு லேப்டபிள்யூசி, விசைப்பலகையாலேயே எல்லாம் செய்பவர்களுக்கு ஸ்வே. ஆகவே “வேலண்டில் இது வேலை செய்யாது” என்று யாராவது சொன்னால், எந்தக் கம்போசிட்டரில் என்று திருப்பிக் கேளுங்கள். மட்டரில் இல்லாதது கேவினில் இருக்கும்.

கோயில் திருவிழாவில் ஏழு கறிப் பந்தி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ் முறையில் இலை போடுபவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர், வரிசையை மேய்ப்பவர் ஒருவர். வரிசை மேய்ப்பவர், அதாவது விண்டோ மேனேஜர், மயங்கி விழுந்தாலும் சாப்பாடு நிற்காது. அவரை எழுப்பி நிறுத்தினால் போதும். வேலண்டில் மூன்றும் ஒரே ஆள். வேலை சுறுசுறுப்பாக நடக்கும், ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. அவர் விழுந்தால் இலையும் போச்சு, சோறும் போச்சு. மட்டர் சரிந்தால் திறந்திருந்த நிரல்கள் அத்தனையும் மூடிக்கொள்ளும். பிளாஸ்மா 6-ல் கேவின் சரிந்து மீண்டும் எழும்போது, க்யூடி 6 என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள் பிழைத்துக்கொள்ளும். மற்றவை பிழைப்பது உறுதியில்லை. லிப்ரே ஆபிஸில் தானியங்கிச் சேமிப்பு இடைவெளி இயல்பாக 10 நிமிடம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய் அதை 3 ஆக்கிவிடுங்கள். புயல் காலத்தில் கரண்ட் போவதற்கும் அதுவே காப்பு.

வரலாறு சுருக்கமாக: எக்ஸ் 1984-ல் எம்ஐடியில் பிறந்தது, அதன் 11-ஆம் பதிப்பு 1987-ல் வந்தது. இன்றுவரை எண் மாறவில்லை. எக்ஸார்க் சர்வரின் 21.1 வரிசை 2021-ல் வெளியானது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள்தான் முக்கியமாக வருகின்றன. வேலண்டை 2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கினார், 1.0 பதிப்பு 2012-ல். ஃபெடோரா 2016-லேயே அதை இயல்பாக்கிவிட்டது. உபுண்டு 17.10-ல் ஏற்றுக்கொண்டு, 18.04-ல் பின்வாங்கி, 21.04-ல் மறுபடி வந்தது. 2025-ல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் 10-ல் எக்ஸார்க் சர்வரே இல்லை, உபுண்டு 25.10-ன் க்னோமில் எக்ஸ் வரி போய்விட்டது. பிளாஸ்மாவும் 6.8-லிருந்து வேலண்ட் மட்டுமே என்று அறிவித்திருக்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் டெபியன் 13, மின்ட் 22, உபுண்டு 24.04 ஆகியவற்றில் எக்ஸார்க் இருக்கிறது, அவற்றுக்கு 2029 வரையாவது பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அவசரப்பட்டு ஓட வேண்டிய நிலை யாருக்கும் இல்லை.

கார்டைப் பார்த்துவிட்டுப் பேசலாம்

டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை கொடுத்து, ‘விஜிஏ’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். இன்டெல் 4-ஆம் தலைமுறைக் கோர் செயலி அல்லது அதற்குப் பின் வந்தது, அல்லது ஏஎம்டி ரேடியான் என்றால் வேலண்ட் ஒரு தொல்லையும் தராது. குறிப்பாக வீடியோ கிழிதல் என்ற பழைய வியாதி இங்கே அடியோடு இல்லை, ஏனென்றால் முழுதாக வரைந்து முடிந்த படத்தை மட்டுமே கம்போசிட்டர் திரைக்கு அனுப்பும். எக்ஸில் அதே நிம்மதிக்கு டிரைவர் அமைப்புக் கோப்பில் ‘டியர்ஃப்ரீ’ விருப்பத்தை எழுதி வைக்க வேண்டும். இன்டெல் டிரைவரிலும் ஏஎம்டி டிரைவரிலும் அது உண்டு. பல டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள்) இயல்பாகப் பயன்படுத்தும் ‘மோட்செட்டிங்’ டிரைவரின் 21.1 வரிசையில் அது இல்லை. கோப்பில் எழுதியும் பலனில்லை என்று பலர் தவிப்பது இதனால்தான்.

கோர் 2 காலத்து இன்டெல் சிப்பு என்றால் பேச்சே வேண்டாம்: எக்ஸார்க், எக்ஸ்எஃப்சிஈ. க்னோமும் பிளாஸ்மாவும் கேட்கும் கிராபிக்ஸ் வேலையை அந்தச் சிப்பால் தூக்க முடியாது.

என்விடியாவில்தான் கணக்குச் சிக்கல். மற்ற எல்லாரும் ஜிபிஎம் என்ற வழியில் படத் தாங்கிகளை (வரைந்த படத்தை வைக்கும் நினைவிடங்களை) ஒதுக்கியபோது என்விடியா இஜிஎல்ஸ்ட்ரீம்ஸ் என்ற தனிவழியில் நின்றது. 2021-ல் 495 டிரைவரில்தான் ஜிபிஎம் வந்தது. அதன் பிறகும் சாளரங்கள் மினுக்கின, பழைய படமும் புதுப் படமும் மாறி மாறித் தெரிந்தன. வரைந்து முடிந்துவிட்டது என்று கார்டு கம்போசிட்டருக்கு வெளிப்படையாகச் சொல்லும் ‘எக்ஸ்ப்ளிசிட் சிங்க்’ ஏற்பாடு 2024-ல் 555 டிரைவரோடு வந்த பிறகே அது அடங்கியது. ஆனால் டிரைவர் மட்டும் போதாது. பிளாஸ்மா 6.1, எக்ஸுக்காக எழுதிய நிரல்களை வேலண்டுக்குள் ஓடவிடும் பாலமான எக்ஸ்வேலண்ட் 24.1 அல்லது அவற்றுக்குப் பிந்தியவையும் வேண்டும். மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் மினுக்கல் தொடரும்.

மலிவாகக் கிடைப்பதால் பல பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும் ஜிடி 710 போன்ற, ‘கெப்லர்’ என்ற பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு 470 வரிசையே கடைசி டிரைவர். அதில் ஜிபிஎம் இல்லை. இந்தக் கார்டு வைத்திருப்பவர் 470 டிரைவரோடு எக்ஸார்க்கில் இருக்கலாம், அல்லது திறமூல நூவோ டிரைவரோடு வேலண்டுக்குப் போகலாம். பலகையில் இன்டெல் கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு அதிலேயே திரையைச் செருகுவது மூன்றாம் வழி. அலுவலக வேலைக்கு எங்கள் தேர்வு இந்த மூன்றாவதுதான். மின்சாரமும் மிச்சம், ஒரு விசிறியின் சத்தமும் குறையும்.

தமிழ் அடிப்பது

ஆங்கிலத்தில் வரும் ஒப்பீடுகள் விளையாட்டின் பிரேம் வேகத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதும். தமிழ் எழுதுபவருக்கு முதல் சோதனை அதுவல்ல. தமிழ்99-க்கு மாறி அ, ம, ம, ஆ விசைகளை வரிசையாக அழுத்துங்கள். ஆங்கில விசைகளாகச் சொன்னால் ஏ, கே, கே, க்யூ. என்ன விழுகிறது என்று பாருங்கள்.

‘அம்மா’ என்று விழுந்தால் எல்லாம் சரி. மெய் இரட்டித்தால் புள்ளி தானாக ஏறும், அடுத்து வரும் உயிர் குறியாக மாறும் என்ற தமிழ்99 விதிகள் இயங்குகின்றன.

‘அமமஆ’ போல உடைந்து விழுந்தால், நீங்கள் சேர்த்திருப்பது வெறும் எக்ஸ்கேபி விசை அமைப்பு. அது ஒரு விசைக்கு ஒரு குறியீடு என்ற கணக்கில் நிற்பது. முன்னால் என்ன எழுத்து இருந்தது என்று அதற்குத் தெரியாது. பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறுவது மிக எளிது. வேண்டியது, பல மொழிகளின் தட்டச்சு விதிகளைத் தரும் எம்17என் நூலகம் வழியாக வரும் தமிழ்99. அதை இயக்க ஐபஸ், ஃபிசிடிக்ஸ் என்று இரண்டு உள்ளீட்டு முறை மென்பொருள்கள் உண்டு. ஐபஸ் பயன்படுத்துபவர் ‘ஐபஸ்-எம்17என்’ தொகுப்பையும், ஃபிசிடிக்ஸ் 5 பயன்படுத்துபவர் ‘ஃபிசிடிக்ஸ்5-எம்17என்’ தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். அதன் பிறகே பட்டியலில் பெயர் தோன்றும். ஒலிபெயர்ப்பு முறை, தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட் ஆகியவையும் அதே பையில் வரும்.

ஆங்கில எழுத்துகளே அப்படியே விழுந்தால், அந்த நிரலுக்கும் உள்ளீட்டு முறைக்கும் தொடர்பே ஏற்படவில்லை. இங்கேதான் டிஸ்ப்ளே சர்வர் நேரடியாக வருகிறது.

எக்ஸில் இது பழைய, தாராளமான ஏற்பாடு. மூன்று சூழல் மாறிகளை (நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்புகளை) வைத்துவிட்டால் ஏறக்குறைய எல்லா நிரலும் தமிழ் வாங்கும். வேலண்டில் நிரல் கம்போசிட்டரிடம் கேட்கும், கம்போசிட்டர் ஐபஸையோ ஃபிசிடிக்ஸையோ கேட்கும். நடுவில் உள்ள கம்போசிட்டருக்கு இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

க்னோம் இதில் முதலிடம். ஐபஸ் அதற்குள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் கீபோர்டு, இன்புட் சோர்சஸ், கூட்டல் குறி, தமிழ், தமிழ்99. மாற்றிக்கொள்ளச் சூப்பர் விசையும் ஸ்பேஸும். எந்த மாறியையும் எழுத வேண்டாம்.

பிளாஸ்மாவில் ஒரு படி கூடுதல், அதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் அல்லாடுகிறார்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குள் ‘வர்ச்சுவல் கீபோர்டு’ என்று ஒன்று இருக்கும். திரையில் தெரியும் விசைப்பலகை நமக்கு எதற்கு என்று கடந்துபோகத் தோன்றும். அங்கேதான் ‘ஃபிசிடிக்ஸ் 5 வேலண்ட் லாஞ்சர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, ஜிடிகே, க்யூடி ஆகிய இரண்டு கருவித்தொகுப்புகளுக்குமான ‘ஐஎம் மாட்யூல்’ மாறிகளை நீக்குங்கள். எக்ஸ்வேலண்டில் ஓடும் பழைய நிரல்களுக்காக ‘எக்ஸ்மாடிஃபையர்ஸ்’ மாறியை மட்டும் விட்டுவையுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் ‘ஐஎம்-கான்ஃபிக்’ என்ற தொகுப்பு அந்த மாறிகளைத் தானே மறுபடி எழுதி வைக்கும். நீக்கியும் ஃபிசிடிக்ஸ் எச்சரிக்கைப் பெட்டி காட்டிக்கொண்டே இருந்தால் திருடன் அதுதான்.

லேப்டபிள்யூசியின் அண்மைப் பதிப்புகளிலும் ஸ்வேயிலும் தமிழ் அடிக்கலாம், ஆனால் ஃபிசிடிக்ஸைத் தொடக்கக் கோப்பில் நீங்களே எழுதி வைக்க வேண்டும்.

குரோமியம் குடும்பத்து நிரல்கள் தனிக்கதை. குரோம், விஎஸ் கோட், எலக்ட்ரானில் செய்த அரட்டை நிரல்கள் எல்லாம் இதில் அடக்கம். வேலண்டில் நேராக ஓடினாலும் தமிழ் வாங்காமல் அடம்பிடித்தால், அந்த நிரலின் டெஸ்க்டாப் கோப்பில் ‘எக்ஸெக்’ வரியின் முடிவில் இரண்டு இணைப்புக் குறி போட்டு ‘எனேபிள்-வேலண்ட்-ஐஎம்ஈ’ என்ற விருப்பத்தைச் சேர்க்கவும். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஒரு நிரலை மட்டும் எக்ஸ்வேலண்டில் ஓடவிடுவது கௌரவக் குறைச்சல் அல்ல. ஃபயர்பாக்ஸுக்கு இந்தச் சிகிச்சை எதுவும் வேண்டாம். 2023 டிசம்பரில் வந்த 121-ஆம் பதிப்பிலிருந்து அது வேலண்டில்தான் இயல்பாக ஓடுகிறது. லிப்ரே ஆபிஸில் தமிழ் தடுமாறினால் ஹெல்ப், அபௌட் பெட்டியில் ‘விசிஎல்’ வரியைப் பாருங்கள். அங்கே ஜிடிகே3 என்றோ பிளாஸ்மாவில் கேஎஃப்6, க்யூடி6 என்றோ இருக்க வேண்டும். ‘எக்ஸ்11’ என்று மட்டும் இருந்தால் ‘லிப்ரே ஆபிஸ்-ஜிடிகே3’ தொகுப்பு நிறுவப்படவில்லை என்று பொருள்.

இனி அசெர்ட்டி. பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும், இசட்-டும் டபிள்யூ-வும் இடம் மாறியிருக்கும், எம் எழுத்து எல்-லுக்கு வலப்பக்கம் இருக்கும். எம்17என் பார்ப்பது விசையின் இடத்தை அல்ல, அது தரும் எழுத்தை. அதனால் அடித்தளத்தில் பிரெஞ்சு அமைப்பு நின்றால் அ-வும் ஆ-வும் மாறி விழும், ஈ-யும் ஔ-வும் மாறி விழும், ந இருக்க வேண்டிய இடத்தில் ர விழும். விரல் பழக்கத்தில் தமிழ்99 அடிப்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும். ஃபிசிடிக்ஸ் 5-ல் இதற்கு நேரான மருந்து உண்டு: அமைப்புப் பெட்டியில் தமிழ்99 வரியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் அடித்தள விசை அமைப்பாக அமெரிக்க ஆங்கிலத்தை வையுங்கள். பிரெஞ்சுக்குப் போனால் அசெர்ட்டி, தமிழுக்கு வந்தால் க்வெர்ட்டி. பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றையும் ஒரே நாளில் அடிக்கும் மொரீஷியஸ் வீட்டுக்கு இந்த ஒரு வசதிக்காகவே பிளாஸ்மாவும் ஃபிசிடிக்ஸும் சேர்ந்த கூட்டணியைப் பரிந்துரைக்கலாம்.

பட்டியலில் எந்த மொழி எத்தனையாவது என்பதையும் பார்த்து வையுங்கள், ஏனென்றால் கடவுச்சொல் திரையில் முதலில் நிற்பது பட்டியலின் முதல் அமைப்பு. தமிழை முதலில் வைத்தால் ஆங்கிலக் கடவுச்சொல் விழாது. வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்று இத்தீவுத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1998-ல் ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை அச்சடித்ததால் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டி வந்தது. அந்த நோட்டில் உள்ள தமிழ் எண்களைக் கணினியில் அடிக்க விரும்புபவருக்கு, எக்ஸ்கேபி பட்டியலில் தமிழ் எண்களோடு கூடிய தமிழ்நெட் 99 அமைப்பு தனியாக இருக்கிறது. எழுதுவதற்கு எம்17என், எண்களுக்கு மட்டும் அது என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் இருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னணியில் உட்கார்ந்து எல்லா நிரல்களின் விசை அழுத்தத்தையும் பிடித்துத் தமிழாக்கித் தரும் வகைக் கருவிக்கு வேலண்டில் இடமில்லை. ஒரு நிரல் இன்னொரு நிரலின் விசையைப் பார்க்கவே முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. எக்ஸில் அப்படி இல்லை: எந்தச் சாளரத்தில் நீங்கள் வங்கிக் கடவுச்சொல் அடித்தாலும், அதே அமர்வில் ஓடும் வேறெந்த நிரலும் அதை ஒட்டுக்கேட்கலாம். ‘எக்ஸ்இன்புட்’ கருவியின் சோதனை விருப்பத்தை ஓடவிட்டுப் பாருங்கள், நீங்கள் அடிப்பதெல்லாம் டெர்மினலில் ஓடும். பொதுக் கணினிக்கு எக்ஸார்க்கைப் பரிந்துரைக்க நாங்கள் தயங்குவதற்கு இதுவே காரணம்.

புரொஜெக்டரும் இரண்டாம் திரையும்

அடர்த்தி கூடிய லேப்டாப் திரையில் எழுத்து 200 விழுக்காடு, பழைய புரொஜெக்டரில் 100 விழுக்காடு: இந்தக் கலவையை எக்ஸ் ஒழுங்காகக் கையாளாது, அதற்கு அளவு எல்லாத் திரைக்கும் ஒன்றுதான். ‘எக்ஸ்ராண்டர்’ கட்டளையால் ஒரு திரையைச் சுருக்கிச் சமாளிக்கலாம், எழுத்து கொஞ்சம் மங்கும். வேலண்டில் திரைக்குத் திரை தனி அளவு. 125, 150 போன்ற இடைப்பட்ட அளவுகளில் எக்ஸ்வேலண்டில் ஓடும் நிரல்கள் மட்டும் குழம்பித் தெரியும். பிளாஸ்மாவின் டிஸ்ப்ளே அமைப்பில், பழைய எக்ஸ் நிரல்கள் தாமே அளவு மாற்றிக்கொள்ளட்டும் என்ற தேர்வு உண்டு. அதை வைத்தால் தெளிவாகிவிடும்.

ஆனால் தேவாரம், திருப்புகழ் வரிகளைச் சுவரில் காட்டுவதற்கான திரையிடல் மென்பொருள்களுக்கு வேலண்ட் ஒரு தலைவலி. இங்கே ஒரு நிரல் தன் சாளரத்தை ‘இரண்டாம் திரையில், இந்த இடத்தில் வை’ என்று தானே தீர்மானிக்க முடியாது. அந்த உரிமை கம்போசிட்டருக்கு. பாடல் வரி லேப்டாப்பிலும் கட்டுப்பாட்டுப் பலகை சுவரிலும் தோன்றினால் இதுதான் காரணம். க்யூடி நிரலாக இருந்தால் ‘க்யூடி க்யூபிஏ பிளாட்ஃபார்ம்’ என்ற மாறியை ‘எக்ஸ்சிபி’ என்று வைத்து, அந்த நிரலை மட்டும் எக்ஸ்வேலண்டில் தொடங்குங்கள். தைப்பூசக் காவடி அன்று காலையில் இதைச் சோதிக்காதீர்கள், முந்திய வாரமே பார்த்துவிடுங்கள். லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, முழுத்திரைக் காட்சியை எந்தத் திரைக்கு என்று அதன் அமைப்பிலேயே சொல்லலாம்.

பகிர்வும் தொலை உதவியும்

இணையக் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது கறுப்புத் திரை வந்தால் வேலண்டைத் திட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: படத்தையும் ஒலியையும் நிரல்களுக்கிடையே கடத்தும் பைப்வயர் ஓடுகிறதா, பகிர்வுக்கு உங்களிடம் அனுமதி கேட்கும் ‘எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்’ ஓடுகிறதா, உங்கள் கம்போசிட்டருக்குரிய போர்ட்டல் துணைத் தொகுப்பு இருக்கிறதா. க்னோமுக்கு க்னோம், பிளாஸ்மாவுக்குக் கேடிஈ, ஸ்வேக்கும் லேப்டபிள்யூசிக்கும் ‘டபிள்யூஎல்ஆர்’. பல டெஸ்க்டாப்களை நிறுவிப் பார்த்து விட்டுவைத்த கணினியில் தப்பான துணைத்தொகுப்பு முந்திக்கொண்டு பதில் சொல்லும். வேண்டாததை நீக்குவதே எளிது. பகிர்வில் சில சாளரங்கள் மட்டும் தெரிந்து மற்றவை கறுத்தால், கூட்ட நிரல் எக்ஸ்வேலண்டில் ஓடுகிறது, அதற்கு எக்ஸ் சாளரங்கள் மட்டுமே தெரிகின்றன. அந்தக் கூட்டத்தை ஃபயர்பாக்ஸில் திறந்தால் முடிந்தது.

ரோஸ் ஹில்லில் இருக்கும் பெற்றோரின் கணினியைப் பாரிஸிலிருந்து பிள்ளைகள் பார்த்துச் சரிசெய்யும் ஏற்பாடு இருந்தால் யோசியுங்கள். எக்ஸில் ‘எக்ஸ்11விஎன்சி’ போதும். வேலண்டில் அது இயங்காது. க்னோமிலும், பிளாஸ்மா 6.1 முதலும் உள்ளிணைந்த ஆர்டிபி என்ற தொலைத்திரைச் சேவை உண்டு, டபிள்யூஎல்ஆர் வகைக்கு ‘வேவிஎன்சி’. போர்ட்டல் வழியாக வரும் மற்றத் தொலை உதவி நிரல்கள் அந்தப் பக்கத்தில் யாராவது ‘அனுமதி’ என்று அழுத்தும்வரை காத்திருக்கும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நுழைய வேண்டுமானால் அது சரிப்படாது.

வேறொரு கணினிக்குள் வலை வழியாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மூலம் ஒரு நிரலை மட்டும் இழுத்து வரும் எக்ஸின் பழைய வித்தை உள்ளூர் வலையில் இன்றும் அருமை. கடல் கடந்து அதை நம்பாதீர்கள். ஒரு சாளரம் திறக்க எக்ஸ் நிரல் சர்வரோடு நூறு முறை கேள்வி பதில் நடத்தினால், ஒரு சுற்றுக்கு 200 மில்லி விநாடி தாமதத்தில் 20 விநாடி ஓடிவிடும். வேலண்டில் ‘வேபைப்’ அந்த வேலையைச் செய்கிறது, சுருக்கியும் அனுப்புகிறது.

கணினி ஆய்வகத்தில் மாணவர் திரைகளை ஆசிரியர் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேயான் வைத்திருந்தால், அதன் 4 வரிசை லினக்ஸில் எக்ஸ்11 அமர்வையே எதிர்பார்க்கிறது. அங்கே எக்ஸார்க்கைத் தவிர வேறு வழி தேட வேண்டாம். ராஸ்பெர்ரி பையில் 2024 அக்டோபர் முதல் லேப்டபிள்யூசிதான் இயல்பு. ‘ராஸ்பி-கான்ஃபிக்’ கட்டளையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், வேலண்ட் என்று போய் எக்ஸ்11 தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்தால் மாறிவிடும். நேர்மாறாக, ராஸ்பெர்ரி பை கனெக்ட் வழியாகத் திரையைப் பார்க்க வேண்டுமானால் வேலண்டிலேயே இருக்க வேண்டும்.

யாருக்கு எது

எபேன் லேப்டாப்புக்கு, அதாவது புது இன்டெல் அல்லது ஏஎம்டி, கூட்டங்கள், இரண்டு திரை என்றால்: பிளாஸ்மா வேலண்ட். மூன்று மொழி அடிப்பவருக்கும் அதுவே. அமைப்புப் பெட்டிகளைத் தொடவே விரும்பாதவர், வயதானவர், க்வெர்ட்டி மட்டும் போதும் என்பவர்: க்னோம் வேலண்ட். அதன் முகம் சிலருக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

திரையிடல், தொலை உதவி, பழைய மேக்ரோக்கள் என்று ஓடும் கோயில் அலுவலகக் கணினி: மின்ட் 22 சின்னமன், எக்ஸார்க். மின்ட் தன் வேலண்ட் அமர்வுக்கு இன்னும் ‘சோதனை’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறது, பெயரை நம்புங்கள். ‘எக்ஸ்டூடூல்’, ‘எக்ஸ்மோட்மேப்’, ‘செட்எக்ஸ்கேபிமேப்’ போட்டு எழுதிய ஸ்கிரிப்டுகள் ஏதும் இருந்தால் அவை வேலண்டில் பெரும்பாலும் பிழைச்செய்தி கூடக் காட்டாமல் சும்மா இருந்துவிடும், அதுதான் அபாயம். முதலாவதற்கு ‘ஒய்டூடூல்’ மாற்று; மற்ற இரண்டின் வேலையை அந்தந்த டெஸ்க்டாப்பின் அமைப்புப் பெட்டியில் செய்ய வேண்டும்.

கெப்லர் என்விடியா, கோர் 2 பெட்டிகள்: டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஈ, எக்ஸார்க். எக்ஸ்எஃப்சிஈ 4.20-ல் வேலண்ட் தொடங்கியிருக்கிறது, ஆனால் அதன் சொந்த விண்டோ மேனேஜர் இன்னும் எக்ஸில்தான்; வேலண்டுக்கு லேப்டபிள்யூசியைக் கடன் வாங்குகிறது. ஸ்வே கைதேர்ந்தவருக்கு மட்டும். உபுண்டுவின் நிறுவனமான கனோனிக்கல் 2013-ல் அறிவித்த மிர் என்ற டிஸ்ப்ளே சர்வர் இப்போது வேலண்ட் பேசும் நூலகமாகிவிட்டது, வீட்டுப் பயனர் தேடிப் போக வேண்டியதில்லை. எக்ஸார்க்கிலிருந்து 2025-ல் பிரிந்த எக்ஸ்லிப்ரே இளசு. அலுவலகக் கணினியில் வேண்டாம்.

லினக்ஸ் அல்லாத ஓபன்பிஎஸ்டி இயங்குதளப் பயனருக்கு இந்தக் குழப்பமே இல்லை: கணினியோடு வரும் செனோகாரா என்ற, உரிமைகளைப் பிரித்து வைத்த எக்ஸார்க் போதும். ஃப்ரீபிஎஸ்டியில் ஸ்வே கிடைக்கிறது, ‘சீட்டிடி’ சேவையை முதலில் இயக்க வேண்டும்.

எதில் ஓடுகிறீர்கள் என்ற ஐயம் வந்தால் க்னோமில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட், சிஸ்டம் டீடெயில்ஸ் என்று போனால் ‘விண்டோயிங் சிஸ்டம்’ வரி சொல்லிவிடும். ஒரு தனி நிரல் நேராக வேலண்டில் ஓடுகிறதா, எக்ஸ்வேலண்டிலா என்று அறிய ‘எக்ஸ்ஐஸ்’ என்ற பழைய பொம்மையைத் திறந்துவிட்டு மவுஸை அந்த நிரலின்மேல் நகர்த்துங்கள். கண்கள் தொடர்ந்தால் அது எக்ஸ்வேலண்ட். கண்கள் அசையாமல் வேறெங்கோ வெறித்தால் வேலண்ட்.